கொழுப்பு உறிஞ்சும் அறுவையும் கொழுப்பை இடம் மாற்றும் அறுவையும்: மூத்தோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

டத்தோ கிராமாட், ஜாலான் பேராக், பாடாங் பிரவுன் சுற்றுவட்டாரத்தில் வசிக்கும் மூத்தோருக்காக இந்தக் கையேடு எழுதப்பட்டுள்ளது. லிபோசக்‌ஷன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சும் அறுவை இளையோர் விஷயம், நமக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கைத்தொலைபேசியில் வரும் விளம்பரம் வயது பார்த்து வருவதில்லை. "வயிற்றுக் கொழுப்பை எடுத்துவிட்டால் இனிப்பு நீர் இறங்கிவிடும், மாத்திரை குறையும்" என்று யாராவது சொன்னால், பத்துப் பதினைந்து வருடமாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவருக்கு ஆசை வருவது இயல்புதான்.

ஆகவே முக்கியமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொழுப்பு உறிஞ்சும் அறுவையால் இனிப்பு நீர் இறங்காது. ரத்தக் கொதிப்பும் கொலஸ்ட்ராலும் இறங்காது. அது உடலின் வெளி வடிவத்தை மாற்றும் அறுவை. நோயைக் குணப்படுத்தும் அறுவை அல்ல. அதற்கான காரணம் தெரிந்துவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

எந்தக் கொழுப்பு வெளியே வருகிறது?

நம் வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் சேர்கிறது. ஒன்று, தோலுக்குக் கீழே. விரலால் கிள்ளினால் பிடிபடும் மடிப்பு அது. இன்னொன்று, வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றி இருப்பது. அதைக் கிள்ள முடியாது. வயதான ஆண்களில் சிலருக்குக் கை கால் மெலிந்திருக்கும்; வயிறு மட்டும் பானை போலக் கெட்டியாக முன்னே நிற்கும். அதில் பெரும்பகுதி இந்த உள் கொழுப்புதான். இனிப்பு நீருக்கும் மாரடைப்புக்கும் அதிகத் தொடர்புடையது இதுவே.

கொழுப்பு உறிஞ்சும் குழாய் தோலுக்கும் தசைக்கும் இடையில் மட்டுமே செல்லும். தசையைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. போனால் குடலைக் குத்திவிடும். அதாவது, தொல்லை கொடுக்கும் கொழுப்பு இருக்கும் இடத்தை அந்தக் குழாய் எட்டுவதே இல்லை.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உடல் பருமன் மிகுந்த 15 பெண்களுக்கு வயிற்றுக் கொழுப்பு உறிஞ்சும் அறுவை செய்தார்கள். அவர்களில் 7 பேருக்கு நீரிழிவு இருந்தது. ஒவ்வொருவர் உடலிலிருந்தும் ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பு எடுக்கப்பட்டது. 10 முதல் 12 வாரம் கழித்துப் பரிசோதித்தபோது சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, இன்சுலின் வேலை செய்யும் திறன் எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2004-இல் வெளியான முடிவு இது. 10 கிலோ என்பது ஒரு பெரிய அரிசிப் பையின் எடை. அவ்வளவு எடுத்தும் சர்க்கரை அசையவில்லை. அதே 10 கிலோவை உணவாலும் நடையாலும் குறைத்திருந்தால் இந்த அளவுகள் நன்றாகவே இறங்கியிருக்கும். ஏனெனில் அப்போது உள் கொழுப்பும் சேர்ந்து கரையும்.

2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். அதனால்தான் இந்த ஒரு விஷயத்தை இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம். உங்களுக்கு உள் கொழுப்பு அதிகமா என்று அறிய ஒரு தையல் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டிவிட்டால் கவனிக்க வேண்டும். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாதீர்கள். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதில் பயனில்லை.

அறுவை எப்படி நடக்கிறது?

1970-களில் இத்தாலியிலும் பிரான்சிலும் தொடங்கிய முறை இது. தோலில் சிறு துளைகள் இட்டு, மெல்லிய உலோகக் குழாயை நுழைத்து, முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பை உடைத்து உறிஞ்சுவார்கள். தொடக்கத்தில் ரத்த இழப்பு அதிகமாக இருந்தது. 1980-களின் நடுவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி கிளைன் என்ற தோல் மருத்துவர், உப்பு நீரில் லிடோகேய்ன் என்ற மரப்பு மருந்தையும் ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினையும் கலந்து, முதலில் அதைத் தோலுக்கடியில் நிரப்பும் முறையைக் கொண்டுவந்தார். இன்று பெரும்பாலும் அதுவே பின்பற்றப்படுகிறது.

துளை சிறியது என்பதால் அறுவையும் சிறியது என்று எண்ணிவிடாதீர்கள். வெளியே தெரிவது அரை சென்டிமீட்டர் தழும்பு. உள்ளே உள்ளங்கையை விடப் பல மடங்கு பெரிய பரப்பு புண்ணாகியிருக்கும். அந்தப் புண்ணைத்தான் உடல் ஆற்ற வேண்டும்.

அந்த மரப்பு மருந்தைப் பற்றி ஒரு செய்தி. லிடோகேய்ன் கொழுப்பிலிருந்து ரத்தத்துக்குள் மெதுவாகக் கசியும். அறுவை முடிந்து ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டும். காலையில் அறுவை, மாலையில் வீடு, நள்ளிரவில் தொல்லை என்று நடக்க வாய்ப்பு உண்டு. உதடும் நாக்கும் மரத்துப்போதல், வாயில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், உளறல், கை நடுக்கம் ஆகியவை அளவு கூடியதன் அடையாளங்கள். ஆகவே முதல் இரவு தனியாகப் படுக்கக் கூடாது. மகனோ மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராவது உடன் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் மருத்துவமனையிலேயே இரவு தங்கும் ஏற்பாட்டைக் கேளுங்கள். எடுக்கும் அளவு 5 லிட்டரைத் தாண்டினால் எந்த வயதினரும் இரவு தங்கிக் கண்காணிப்பில் இருப்பதே முறை.

கல்யாணத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்று நாள் குறிக்கிறவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீக்கமும் கன்றிப்போன நிறமும் குறைய வாரக்கணக்காகும். இறுக்க உடையைப் பல வாரம் இரவும் பகலும் அணிய வேண்டும். நம் ஊர் வெயிலில் அது சிரமம். இறுதி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும்.

வயது கூடும்போது என்ன மாறுகிறது?

வயது மட்டுமே ஒரு தடை அல்ல. 68 வயதில் திடமாக இருப்பவரும் உண்டு, 50 வயதில் மூன்று நோயோடு இருப்பவரும் உண்டு. ஆனால் சில விஷயங்களில் மூத்தோர் இளையோரைப் போல் அல்ல.

முதலாவது தோல். இளம் தோல் ரப்பர் போல மீண்டும் சுருங்கும். வயதான தோல் அவ்வளவாகச் சுருங்காது. உள்ளே இருந்த கொழுப்பை எடுத்தபின் தோல் தொங்கிக் காலியான பை போல நிற்கலாம். அதைச் சரிசெய்ய, கூடுதல் தோலை வெட்டித் தைக்கும் இன்னொரு பெரிய அறுவை தேவைப்படும். விளம்பரப் படங்களில் இது வருவதில்லை.

இரண்டாவது, மறைந்திருக்கும் குடலிறக்கம். பல பிள்ளைகள் பெற்ற தாய்மாருக்கும், முன்பு வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் இருக்கலாம். வலி இருக்காது, இருப்பதே தெரியாது. குழாய் அங்கே நுழைந்தால் குடலில் துளை விழும். எனவே பழைய அறுவைத் தழும்பு எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய கருத்தடை அறுவையானாலும் சொல்லுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

மூன்றாவது மருந்துகள். சுகாதார கிளினிக்கில் கொடுத்த மருந்துப் பையை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். வார்ஃபரின், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்றவை ரத்தம் உறைவதைக் குறைப்பவை. எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரைகளை அறுவைக்குச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்து வரலாம். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் க்ளோபிடோக்ரெலைத் தானே நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும். எதை, எப்போது, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை உங்களுக்கு அந்த மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். மருந்துக் கடையில் வாங்கிய ஜின்செங், ஜிங்கோ, பூண்டு எண்ணெய் மாத்திரைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவையும் ரத்தக் கசிவைக் கூட்டலாம். ரசத்தில் தட்டிப்போடும் பூண்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கூடவே, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குப் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பார்க்காமலே அறுவைக்கு நாள் கொடுக்கும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கொழுப்பை இடம் மாற்றுதல்

வயிற்றிலோ தொடையிலோ எடுத்த கொழுப்பைச் சுத்தப்படுத்தி, குழி விழுந்த கன்னத்திலோ புறங்கையிலோ வேறு இடத்திலோ செலுத்துவது இது. 1893-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் குஸ்தாவ் நொய்பர், கையிலிருந்து எடுத்த கொழுப்பை ஒருவரின் முகத் தழும்புக்குழியில் வைத்துச் சரிசெய்தார். நம் சொந்தக் கொழுப்பு என்பதால் உடல் அதை ஒதுக்காது. ஆனால் வைத்ததெல்லாம் நிலைப்பதில்லை. புதிய இடத்தில் ரத்த ஓட்டம் கிடைக்காத பகுதி, சில மாதங்களில் பாதி வரைகூடக் கரைந்துவிடலாம். அதனால் இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை என்று செலவு நீளும். கட்டணம் பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஆபத்து எங்கே என்றால், கொழுப்பு ரத்தக் குழாய்க்குள் போய்விடுவதில்தான். புருவங்களுக்கு நடுவிலும் மூக்கைச் சுற்றியும் செலுத்தும்போது அது கண்ணுக்குச் செல்லும் ரத்தக் குழாயை அடைத்தால் பார்வை போகும், பெரும்பாலும் திரும்பாது. பிட்டத்தைப் பெரிதாக்கும் அறுவையில் கொழுப்பு அங்குள்ள பெரிய ரத்தக் குழாய் வழியாக நுரையீரலை அடைத்து மரணம் நேர்ந்திருக்கிறது. அந்த அறுவையில் ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவர் இறக்கக்கூடும் என்று பல நாட்டு ஒட்டறுவை மருத்துவர் சங்கங்களின் கூட்டுக் குழு 2018-இல் எச்சரித்தது. தசைக்குள் கொழுப்பைச் செலுத்தவே கூடாது என்றும் சொன்னது. இந்த அறுவையை உங்கள் பேத்தி விரும்பக்கூடும். இந்தப் பகுதியை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்குப் பின் மார்பகத்தைச் சீரமைக்கவும், தழும்பின் இறுக்கத்தைக் குறைக்கவும் இதே முறை நல்ல பயன் தருகிறது. அப்படிச் செய்துகொண்டவர்கள் பின்னாளில் மேமோகிராம் எடுக்கும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இடம் மாற்றிய கொழுப்பில் சுண்ணாம்புத் துகள் படிந்து படத்தில் புள்ளிகளாகத் தெரியும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் வீண் பயமும் தேவையற்ற பரிசோதனையும் வரும். புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் கை வீங்கிக் கெட்டியாகிவிட்ட சிலருக்குக் கொழுப்பு உறிஞ்சுவதும் உதவுகிறது. சுவீடனின் மால்மோ நகரில் ஹகன் புரோர்சன் என்ற மருத்துவர் இதை வளர்த்தெடுத்தார். ஆனால் அதன்பின் இறுக்க உறையை வாழ்நாள் முழுக்க அணிய வேண்டும். இவை நோய்க்கான சிகிச்சைகள். உங்கள் மருத்துவர் வழியாக நிபுணரிடம் செல்ல வேண்டியவை.

எங்கே, யாரிடம்?

2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸில் 23 வயதுப் பெண் ஒருவர் கைக் கொழுப்பை உறிஞ்சும் சிகிச்சைக்குப் போய் இறந்துபோனார். அது நடந்த இடம் மருத்துவமனை அல்ல, அழகு நிலையம். அழகு நிலையத்தில் முகத்துக்கு மசாஜ் செய்துகொள்ளலாம், முடி திருத்திக்கொள்ளலாம். தோலைத் துளைத்துக் குழாய் விடும் வேலை அங்கே நடக்கவே கூடாது. 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் மற்றும் சேவைகள் சட்டத்தின்படி (சட்டம் 586), பதிவோ உரிமமோ இல்லாமல் இப்படி நடத்தும் தனிநபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் கடுமையானதுதான். ஆனால் அது செயல்படுவது பெரும்பாலும் யாராவது பாதிக்கப்பட்ட பிறகே. அதனால் நீங்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

மருத்துவர் இருந்தால் மட்டும் போதுமா? சிங்கப்பூரில் 2009 டிசம்பரில் 44 வயது ஆண் ஒருவர் ஒரு கிளினிக்கில் மருத்துவர்கள் கையாலேயே கொழுப்பு உறிஞ்சிக்கொண்டு இறந்தார். தூக்க மருந்தின் தாக்கத்தில் மூச்சுப் பாதை அடைத்ததே மரணக் காரணம் என்று மரண விசாரணை கூறியது. குடலிலும் பல துளைகள் இருந்தன. மயக்க மருந்து நிபுணர் அங்கே இல்லை. ஆகவே "அறுவை செய்பவர் யார்?" என்பதோடு, "எனக்கு மயக்கம் கொடுத்து, முடியும்வரை என் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்?" என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால் அங்கே வேண்டாம்.

மருத்துவரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா, அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஒட்டறுவை நிபுணர் என்றால் தேசிய நிபுணர் பதிவேட்டிலும் பெயர் இருக்கும். இரண்டையும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பேரப்பிள்ளையிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. எல்.சி.பி. என்ற அழகியல் மருத்துவச் சான்றிதழைச் சிலர் சுவரில் மாட்டியிருப்பார்கள். பொது மருத்துவருக்கு அது போடோக்ஸ், ஃபில்லர், லேசர் போன்றவற்றுக்கானது. கொழுப்பு உறிஞ்சும் அறுவைக்கான அனுமதியாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஹட்யாய்க்கோ சென்னைக்கோ போனால் மலிவு என்று சிலர் கிளம்புகிறார்கள். நல்ல மருத்துவர்கள் எங்கும் உண்டு, அது கேள்வியல்ல. அறுவை முடிந்த சில நாட்களில் பேருந்திலோ விமானத்திலோ மணிக்கணக்காக உட்கார்ந்து வந்தால் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் செல்லும் ஆபத்து கூடுகிறது. பத்தாம் நாள் சீழ் வைத்தால் அறுவை செய்தவர் அங்கே, நீங்கள் இங்கே. பினாங்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவு உங்களைத் திருப்பி அனுப்பாது. ஆனால் உங்களுக்கு என்ன செய்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்பது அங்குள்ள மருத்துவருக்குத் தெரியாது. போவதென்று முடிவாகிவிட்டால், அறுவைக் குறிப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வீடு திரும்பிய பின்

படுத்தே கிடக்காதீர்கள். அன்று மாலையே, ஒருவர் பிடித்துக்கொள்ள, வீட்டுக்குள் மெல்ல நடக்க வேண்டும். முதல் ஓரிரு நாள் துளைகளிலிருந்து இளஞ்சிவப்பு நீர் கசியும். அது நிரப்பிய உப்பு நீர், பயப்பட வேண்டாம். மெத்தையில் பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய், மஞ்சள், பற்று எதையும் புண்ணில் போடாதீர்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், வயிறு கல்லாக இறுகி வலி கூடுதல், காய்ச்சலும் நடுக்கமும், தோல் கருத்துக் கொப்புளித்தல், குழப்பமான பேச்சு, முகத்தில் கொழுப்புச் செலுத்திய பின் பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 999-ஐ அழையுங்கள். அறுவை செய்த கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். "வீட்டில் திட்டுவார்களே" என்று மறைக்கவும் வேண்டாம். அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டியது "கொழுப்பு உறிஞ்சும் அறுவை செய்துகொண்டேன், இத்தனை நாளாகிறது" என்பதுதான்.

கொழுப்புக் கட்டி என்று நினைத்தால்

உடலில் ஒரு உருண்டை தெரிகிறது என்பதற்காகவே கொழுப்பு உறிஞ்சும் இடத்தைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு, தினமும் ஒரே இடத்தில் குத்துவதால் அங்கே கொழுப்பு திரண்டு மெத்தென்று கட்டி போல் ஆகும். வலி இல்லாத இடம் என்று அங்கேயே திரும்பத் திரும்பக் குத்துவார்கள். அதனால் மருந்து சரியாக ஏறாது, சர்க்கரை ஏறி இறங்கும். இதற்கு அறுவை தேவையில்லை. இடத்தை மாற்றி மாற்றிக் குத்தினால் சில மாதங்களில் தானே குறையும். நல்ல இடத்தில் குத்தத் தொடங்கும்போது மருந்து முழுதாக வேலை செய்து சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும் என்பதால், அளவை முதலில் தாதியிடமோ மருத்துவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

தோலுக்கடியில் நகரும் மெத்தென்ற உருண்டை பெரும்பாலும் சாதாரணக் கொழுப்புக் கட்டிதான். தொல்லை இல்லையென்றால் விட்டுவிடலாம். ஆனால் அது வேகமாக வளர்ந்தாலோ, கெட்டியாக இருந்தாலோ, 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வலித்தாலோ, உறிஞ்சக் கொடுக்கும் முன் பரிசோதிக்க வேண்டும். உறிஞ்சியெடுத்தால் கட்டி சிதைந்துவிடும். அது என்ன கட்டி என்று பிறகு பார்ப்பது கடினம்.

ஜாலான் பேராக் சுகாதார கிளினிக்கிலோ உங்களுக்கு அருகிலுள்ள வேறு சுகாதார கிளினிக்கிலோ இவற்றைக் காட்டலாம். 40 வயதைத் தாண்டிய பி40 குடும்பத்தார் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். வரும்போது அடையாள அட்டை, மருந்துப் பை, நீரிழிவுப் புத்தகம் மூன்றையும் கொண்டு வாருங்கள். யாராவது உங்களுக்கு அறுவை பற்றி விலைப்பட்டியலோ விளம்பரத் தாளோ கொடுத்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம்.